துருவக் குளிரைச் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எது ஏற்ற வழி: கதையா, ஐஸ் கட்டியா, ஏற்காடா, திரையா?

அண்டார்டிகா பாடம் நெருங்கும்போது சேலம் வட்டாரத்து ஆசிரியர்கள் பலரும் ஒரே தயக்கத்தோடு நிற்கிறார்கள். தென்துருவத்துக்குப் போன ஸ்காட், அமுண்ட்சென் ஆகியோரின் பயணக் கதைகளைச் சொல்வதா, ஐஸ் கட்டி வாங்கிவந்து சோதனை செய்து காட்டுவதா, மார்கழியில் ஒரு விடியற்காலை பிள்ளைகளை ஏற்காட்டுக்கு ஏற்றிச்செல்வதா, இல்லை ஸ்மார்ட் போர்டில் படம் போட்டுவிடுவதா என்பதே அவர்கள் கேட்பது. நான்கையும் செய்யப் பெரும்பாலான பள்ளிகளில் நேரமும் இல்லை, பணமும் இல்லை. எனவே எதைத் தேர்ந்தெடுத்தால் எது கிடைக்கும், எது கைவிட்டுப் போகும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் அண்டார்டிகா, ஆப்பிரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் சேர்ந்து ஒரே பாடமாக வருகிறது. அதே வகுப்பின் அறிவியல் புத்தகத்தில் வெப்பக் கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகியவை தனியாக வருகின்றன. இரண்டுக்கும் உள்ள உறவைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுகொள்வது அரிது. அந்த இணைப்பை உண்டாக்குவதே துருவப் பயணங்களைக் கற்பிப்பதன் பெரும்பயன் என்பது என் கருத்து.

எவற்றைக் கொண்டு அளப்பது

சேலத்துப் பிள்ளை சித்திரை வெயிலில் 38 டிகிரிக்கு மேல் பார்த்துப் பழகியது. ஊருக்குள் அது அறிந்த பெருங்குளிர் மார்கழி விடியலின் 18, 20 டிகிரிதான். 1983 ஜூலை 21 அன்று அண்டார்டிகாவின் வோஸ்டோக் நிலையத்தில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது என்று சொன்னால் அது எண்ணை எழுதிக்கொள்ளுமே தவிர, அந்த எண் அதன் உடம்பில் எங்கும் ஒட்டாது. ஆகவே முதல் அளவுகோல், பாடம் முடிந்தபின் குளிர் என்பது என்னவென்று பிள்ளைக்கு விளங்கியதா என்பது. இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளில் ஒன்றுக்கு ஸ்வெட்டரைச் சுற்றிவைத்து, மற்றதை அப்படியே மேசையில் வைத்தால் எது முதலில் உருகும்? ஸ்வெட்டர் சூடு தரும் என்று நம்பும் பிள்ளை, போர்த்திய கட்டிதான் சீக்கிரம் உருகும் என்று சொல்லும். வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது, ஸ்வெட்டர் அதை எப்படித் தாமதப்படுத்துகிறது என்று விளங்கிய பிள்ளை சரியாகச் சொல்லும்.

இரண்டாவது அளவுகோல், உயிர்பிழைத்தல் என்பது அடுத்தடுத்து எடுக்கப்படும் முடிவுகளின் விளைவு என்று புரிந்ததா என்பது. எவ்வளவு உணவு, எவ்வளவு எரிபொருள், ஈரமில்லாமல் இருப்பது எப்படி, எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்பவையே துருவத்தில் மனிதரைக் காப்பாற்றின அல்லது கைவிட்டன. மூன்றாவது, வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைக்கிறதா என்பது. முன்வரிசையில் இருக்கும் ஐந்து பேருக்கு மட்டும் பாடம் நடப்பது நாம் அறியாததல்ல. நான்காவது பாதுகாப்பு. ஐந்தாவது செலவு, அதிலும் குறிப்பாக ரசீதில் ஏறாத செலவு: ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமை, அனுமதிக் கடிதங்கள், ஏழைப் பிள்ளையின் கூச்சம் ஆகியவை.

வழி ஒன்று: பயணக் கதைகள்

பணச்செலவு அறவே இல்லாத வழி இது. ஒரு உலக வரைபடமும் நன்றாகத் தயாரித்துக்கொண்ட ஆசிரியரும் இருந்தால் போதும். இரண்டாவது அளவுகோலில் இதற்கு நிகரான வழி வேறில்லை.

1911 டிசம்பர் 14 அன்று ருவால் அமுண்ட்சென் தலைமையில் ஐந்து நார்வேக்காரர்கள் தென்துருவத்தை அடைந்தார்கள். ராபர்ட் ஸ்காட் தலைமையிலான ஐவர் 1912 ஜனவரி 17 அன்று அங்கே போய்ச் சேர்ந்தபோது நார்வேக் கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஸ்காட் குழுவினர் ஐவரும் இறந்தார்கள். இந்த அளவோடு நிறுத்தினால் அது யார் முந்தினார் என்ற பொது அறிவு வினாவாகச் சுருங்கிவிடும். கதை பாடமாவது நுணுக்கங்களில்தான்.

எரிபொருளை எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்டின் குழு மண்ணெண்ணெயைத் தகர டின்களில் நிரப்பி, திருகுமூடிக்கு அடியில் தோல் வளையம் வைத்து மூடி, வழியிலிருந்த கிடங்குகளில் விட்டுச் சென்றது. கடுங்குளிரில் அந்தத் தோல் வளையங்கள் இறுக்கம் இழந்தன. எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் குறைந்துபோனது. களைத்துப்போய்த் திரும்பியவர்கள் ஒவ்வொரு கிடங்கிலும் டின்னைத் திறந்து பார்த்தபோது கணக்குப்படி இருக்கவேண்டிய எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லையென்றால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லையென்றால் பனியை உருக்கிக் குடிநீர் எடுக்கவும் வழியில்லை. பனிக்கட்டியின் மேலேயே நின்றுகொண்டு ஒருவர் தாகத்தால் வாடக்கூடும் என்பதைப் பிள்ளைகள் முதல்முறையாக யோசிக்கும் இடம் இது. அமுண்ட்சென் தம் டின்களின் வாயைப் பற்றவைத்து அடைத்திருந்தார். வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்திராத இன்றைய பிள்ளைக்குக்கூட ஒரு மூடியின் கதை இவ்வளவு தூரம் போகும் என்பது சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று, ஒரு டன் கிடங்கு. 1911 பிப்ரவரியில், அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான உணவையும் எண்ணெயையும் 80 பாகை அட்சரேகையில் சேமித்துவைக்க ஸ்காட் திட்டமிட்டிருந்தார். குதிரைகள் துவண்டுபோனதால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் முன்னதாகவே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினார். 1912 மார்ச்சு இறுதியில் ஸ்காட்டும் கடைசியாக அவரோடிருந்த இருவரும் கூடாரத்துக்குள் இறந்த இடத்துக்கும் அந்தக் கிடங்குக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் தூரம்கூட இல்லை. குதிரைகள் துவண்ட இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவேண்டும். முடிவைச் சொல்லாமல் கேட்டால்தான் பயன். திரும்புவது எப்போதும் தவறு என்ற எண்ணம் பதிந்துவிடாமலிருக்க, அமுண்ட்சென் 1911 செப்டம்பரில் காலத்துக்கு முந்திப் புறப்பட்டு, குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனதால் முகாமுக்குத் திரும்பி, அக்டோபரில் மறுபடி கிளம்பியதையும் உடன்வைத்துச் சொல்லவேண்டும்.

அமுண்ட்செனின் திறமை எங்கிருந்து வந்தது என்பதையும் விடக்கூடாது. 1903 முதல் சில ஆண்டுகள் கனடாவின் வடகோடியில் தங்கியபோது, நெட்சிலிக் இனுவிட் மக்களிடம் அவர் உடையையும் நாய்வண்டியையும் கற்றார். தோலுடை தளர்வாக இருக்கவேண்டும், உள்ளே காற்று உலவவேண்டும், வியர்க்க விடக்கூடாது என்பவை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த செய்திகள். வெள்ளைக்கார வீரர்களின் கதையாக மட்டும் இது போய்விடாமல் காப்பது இந்தப் பகுதிதான்.

மறைந்த செலவுகள் இங்கும் உண்டு. அமுண்ட்சென் 52 நாய்களோடு கிளம்பி 11 நாய்களோடுதான் திரும்பினார்; மற்றவற்றுள் பல திட்டமிட்டே கொல்லப்பட்டு உணவாயின. இதைச் சொல்லும்போது ஆறாம் வகுப்பில் அழும் பிள்ளைகள் இருப்பார்கள். காலில் பனிக்கடி (கடுங்குளிரில் திசு உறைந்து கெடுவது) முற்றிய, ஸ்காட் குழுவைச் சேர்ந்த ஓட்ஸ் என்பவர், தோழர்களுக்குச் சுமையாகக்கூடாது என்று பனிப்புயலில் வெளியே நடந்து மறைந்ததை வீரச்செயலாக உயர்த்திச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்று எண்ணும் பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கக்கூடும். நோயாலும் குளிராலும் தெளிவு குன்றிய ஒரு மனிதரின் துயரமாக அதைச் சொல்வதே பொறுப்பான முறை.

ஆகவே சிறிய வகுப்புகளுக்கு எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கதை ஏற்றது. அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கத் திட்டமிட்டுப் போன அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் வெட்டல் கடலின் பனியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. 28 பேரும் மாதக்கணக்கில் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் வாழ்ந்து, படகுகளில் எலிபன்ட் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஆறு பேர் ஒரு சிறு படகில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியாவுக்குப் போய் உதவி கேட்டார்கள். தீவில் எஞ்சியிருந்த 22 பேரும் 1916 ஆகஸ்ட் 30 அன்று மீட்கப்பட்டார்கள். அதே திட்டத்தின் கீழ் கண்டத்தின் மறுபக்கம் போன ராஸ் கடல் குழுவில் மூவர் இறந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

கதையின் பெரிய குறை முதல் அளவுகோலில் இருக்கிறது. ஸ்காட்டுக்காகக் கண்ணீர் விட்ட பிள்ளை, ஸ்வெட்டர் கேள்விக்குத் தவறாகவே பதில் சொல்லும்.

வழி இரண்டு: ஐஸ் கட்டியும் டால்டாவும்

மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் ஐஸ் கொடுக்கும் கம்பெனிகள் சேலத்தில் இருப்பதால் ஒரு ஐஸ் பார் கிடைப்பது கடினமல்ல. மற்றவை எல்லாம் வீட்டிலும் மளிகைக் கடையிலும் இருப்பவை. செய்யக்கூடிய சோதனைகள் பல இருந்தாலும் மூன்று போதும்.

முதலாவது டால்டா கையுறை. ஜிப் வைத்த இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்து, ஒன்றுக்குள் இரண்டு கரண்டி டால்டாவைப் போட்டு, மற்றதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி அதற்குள் நுழைத்து, இரண்டின் வாயையும் டேப்பால் ஒட்டிவிட்டால், நடுவில் கொழுப்பு நிறைந்த கையுறை ஆகிவிடும். டால்டாவை வெளியிலிருந்து பிசைந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பவேண்டும். வாளியில் ஐஸ் தண்ணீர். ஒரு கை வெறுங்கையாக, மறுகை கையுறைக்குள். பத்து விநாடிக்குள் வெறுங்கை வலிக்கத் தொடங்கும். முப்பது விநாடிக்கு மேல் யாரையும் வைக்க விடக்கூடாது. மறுகையில் குளிர் ஏறத்தாழத் தெரியாது. சற்று நேரம் கழித்து ஏதாவது ஒரு பிள்ளை, விரலிடுக்கில் மட்டும் சில்லென்று குத்துகிறது என்று சொல்லும். வெளியே எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் டால்டா விலகி மெல்லியதாகியிருக்கும். சீல் என்னும் கடல்விலங்கு தோலுக்கடியில் தடித்த கொழுப்போடு ஏன் வாழ்கிறது என்பதை அந்த இடுக்கு கற்பித்துவிடும்.

இரண்டாவது ஈரத்துணிச் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே சூடுள்ள தண்ணீரை ஊற்றி, ஒன்றை உலர்ந்த துணியாலும் மற்றதை நனைத்துப் பிழிந்த துணியாலும் சுற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதவேண்டும். ஈரத்துணி சுற்றிய டம்ளர் கண்கூடாக முந்திக் குளிரும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்பதை அறிந்த ஊரில் இதை விளக்கச் சிரமமில்லை. துருவத்தில் வியர்வை ஏன் எதிரி, அங்கே வியர்க்காதபடி மெதுவாகவே இயங்கவேண்டியதன் காரணம் என்ன, பனிநீரில் விழுந்தவரின் ஈர உடையை முதலில் ஏன் களையவேண்டும் என்ற மூன்றுக்கும் இதுவே விடை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்ற எண்ணை இந்த இடத்தில் சொன்னால் நிற்கும்.

மூன்றாவது போர்வைப் போட்டி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டம்ளர் வெந்நீர்; செய்தித்தாள், இலவம்பஞ்சு, தெர்மாக்கோல், தறித்துண்டு, பழைய கம்பளி என்று கொடுத்து, அரைமணி நேரத்துக்குப் பின் யாருடைய தண்ணீர் அதிகச் சூட்டோடு இருக்கிறது என்று பார்ப்பது. இறுக்கிச் சுற்றிய குழுவைவிடக் காற்றிடைவெளி விட்டுத் தளர்வாகச் சுற்றிய குழு பெரும்பாலும் முன்னே வரும். எல்லாக் கைகளுக்கும் வேலை கிடைப்பது இந்த வழியின் பெருஞ்சிறப்பு.

இனி மறைந்த செலவுகள். ஐஸ் கம்பெனி ஐஸ் தின்பதற்கு உரியதல்ல. நாம் திரும்புவதற்குள் நான்கு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டிருக்கும். இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும். ஆய்வகத் தெர்மாமீட்டர் பெரும்பாலும் மைனஸ் 10 டிகிரி வரைதான் காட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் பாடமே நின்றுவிடும் என்பதால், முனையில் கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு வாங்குவது நல்லது.

மிகப் பெரிய அபாயம் உப்பு. ஐஸில் உப்பைக் கலந்தால் வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகு கீழே இறங்கும். சரியான விகிதத்தில் மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகும். அதைத் தோலில் வைத்து யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று பந்தயம் கட்டும் பழக்கம் வளரிளம் பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. அது தீக்காயம் போன்ற புண்ணை உண்டாக்கும். உப்புச் சோதனையை ஆசிரியர் மட்டும் செய்து காட்டவேண்டும். கலவையைத் தொட விடவே கூடாது. அந்த வயதின் துடுக்கு அதிகமாக உள்ள வகுப்பென்றால் உப்பை விட்டுவிடுவதே மேல். பனிக்கடி எப்படி உண்டாகிறது, அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உறைந்த திசு மேலும் சிதையும் என்ற செய்தியை மட்டும் வாய்மொழியாகச் சொல்லலாம்.

இந்த வழியில் கிடைக்காதது பரப்பும் காலமும். ஒரு வாளி ஐஸைக் கொண்டு, 140 லட்சம் சதுர கிலோமீட்டர் பனிக் கண்டத்தையோ, மாதக்கணக்கில் விடியாத இரவையோ காட்டிவிட முடியாது.

வழி மூன்று: ஏற்காட்டு விடியல்

பிள்ளைகள் அதிகம் விரும்புவது இதைத்தான். ஆசிரியர்கள் அதிகம் தவறாகப் பயன்படுத்துவதும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிரை உணரவைப்பதற்காக ஏற்காட்டுக்குப் போவதில் பயன் குறைவு. டிசம்பர், ஜனவரி விடியலில் அங்கே பத்து டிகிரியை ஒட்டி இறங்கலாம். துருவப் பயணிகளுக்கு அது வெயில் காலம். அளப்பதற்காகப் போனால் கதை வேறு. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரிலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற சராசரிக் கணக்கில் எட்டு டிகிரி குறையவேண்டும். அடிவாரத்தில் ஓர் அளவு, கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே வண்டியை ஓரம்கட்ட இடமுள்ள ஒன்றிரண்டு இடங்களில் ஓர் அளவு, மேலே ஓர் அளவு என்று எடுத்து, அன்றைய கணக்கும் புத்தகக் கணக்கும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கலாம். மூடுபனி நாளில் கண்டிப்பாக விலகும்; ஏன் என்ற கேள்வியோடு பிள்ளைகள் இறங்கிவருவார்கள்.

கூடவே ஒரு சிறு பாட்டில் தேங்காய் எண்ணெயை எடுத்துப்போகச் சொல்வேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். கிளம்பும்போது வெந்நீரில் வைத்து இளக்கிக் கண்ணாடிபோல் தெளியவைத்த எண்ணெய், மேலே போய்ச் சற்று நேரத்தில் அடியில் வெண்மேகம் போலக் கலங்கி, பின் ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கெட்டியாகி, கவிழ்த்தாலும் வழியாமல் நிற்கும். மண்ணெண்ணெய், உணவு, மருந்து என்று துருவத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளும் குளிரில் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட எளிய சான்று நம் ஊரில் இல்லை.

காற்றும் ஈரமும் மேலே கிடைக்கும் இன்னொரு பாடம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போலத் தாக்கும். ஏற்காட்டில் அந்த அளவு இல்லையென்றாலும், பகோடா பாயின்ட் போன்ற திறந்த விளிம்பில் ஐந்து நிமிடமும் ஒரு சுவருக்குப் பின்னால் ஐந்து நிமிடமும் நின்றால் வேறுபாடு தெரியும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதற்கு உறைபனி தேவையில்லை, நனைந்த உடையும் காற்றும் நேரமும் போதும் என்பதை மலையில் வைத்துச் சொல்லலாம். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம், அதன்பின் சரியாக யோசிக்கும் திறனே மங்குவது என்ற வரிசை மலையேற்றம் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டியது.

செலவைப் பார்ப்போம். பேருந்து வாடகை கண்ணுக்குத் தெரிவது. தெரியாதவை: துறை அனுமதிக்கு அலையும் நாட்கள், பெற்றோர் ஒப்புதல், விடியலுக்குள் மேலே இருக்கவேண்டுமென்றால் நான்கு மணிக்கே பள்ளி வாசலில் நிற்கவேண்டிய பிள்ளைகள், வளைவுகளில் வாந்தி. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது ஸ்வெட்டர். சேலத்தில் பல வீடுகளில் பிள்ளைக்கென்று கம்பளி உடை கிடையாது. சிலர் புதிய ஜாக்கெட்டோடு வர, சிலர் அம்மாவின் சால்வையோடு வந்து ஒதுங்கி நிற்பார்கள். எல்லோரும் இரண்டு பருத்திச் சட்டைகளும் அவற்றின்மேல் ஒரு தளர்ந்த மேல்சட்டையும் போட்டு வரவேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிட்டால் அந்தக் கூச்சமும் தீரும், அடுக்கடுக்காக உடுத்துவதன் பயனும் விளங்கும். சனி, ஞாயிறு வேண்டாம். சுற்றுலாக் கூட்டத்தில் பாடம் நடக்காது.

வழி நான்கு: திரையும் நேர்காணலும்

பனியையே பார்த்திராத பிள்ளைக்குப் பனிப்புயலின் ஓசையையும் அடிவானம் வரை நீளும் வெண்பரப்பையும் காட்ட வேறு வழியில்லை. அரசு உயர்நிலைப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் தனியார் பள்ளிகளின் ஸ்மார்ட் போர்டுகளும் இதற்கு உதவும். ஒரு மணி நேரப் படம் வேண்டாம். ஏழெட்டு நிமிடத் துண்டுகள் இரண்டு போதும். ஆங்கில விளக்கவுரையின் ஒலியைக் குறைத்துவிட்டு ஆசிரியரே தமிழில் பேசுவது நல்லது. மறைந்த செலவு என்னவென்றால், பெங்குவினும் பனிக்கரடியும் ஒரே ஊரில் வாழ்வதாக மனத்தில் பதிந்துவிடும். முன்னது தென்கோளம், பின்னது வடதுருவப் பகுதி என்று உலக உருண்டையில் தொட்டுக் காட்டாமல் திரையை அணைக்கக்கூடாது.

திரையைவிடப் பயனுள்ளது அங்கே போய் வாழ்ந்த ஒருவரோடு பேசுவது. இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணக்குழு சையத் ஜாகூர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 1982 ஜனவரியில் அங்கே இறங்கியது. அதன்பின் அமைக்கப்பட்ட தட்சிண கங்கோத்ரி நிலையம் சில ஆண்டுகளில் பனிக்குள் புதைந்து கைவிடப்பட்டது. அடுத்து வந்த மைத்ரி பனியற்ற பாறைத் தரையில் கட்டப்பட்டது. 2012 இல் செயல்படத் தொடங்கிய பாரதி, கப்பல் கண்டெய்னர்கள் 134 ஐ இணைத்து, தூண்கள்மேல் தூக்கி நிறுத்தப்பட்டது. மூன்று கட்டடங்களையும் பலகையில் வரைந்து, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து எதைக் கற்றது என்று கேட்டாலே ஒரு வகுப்பு நடந்துவிடும். கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இந்தப் பயணங்களை நடத்துகிறது. அங்கே எழுதிக் கேட்பவர்கள் விஞ்ஞானியை மட்டும் கேட்கவேண்டாம். குளிர்காலம் முழுதும் நிலையத்தில் தங்கிய சமையல்காரர், மெக்கானிக், மருத்துவர் ஆகியோரிடம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு அருமையான பதில்கள் இருக்கும். குடிதண்ணீர் எங்கிருந்து வரும், பல் வலித்தால் என்ன செய்வார்கள், காய்கறி உண்டா என்பவைதானே அவர்கள் கேட்பவை. கடிதத்துக்கும் பதிலுக்கும் இடையே மாதங்கள் ஓடக்கூடும் என்பதால் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுதவேண்டும்.

பெருநகர வணிக வளாகங்களின் செயற்கைப் பனி அரங்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கோட்டும் பூட்சும் கொடுத்துச் சறுக்கி விளையாட விடுவார்கள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான், பாடமாகக் கொள்ள அதில் அதிகமில்லை. வேறு காரணத்துக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகவே போகவேண்டாம்.

ஒரே பார்வையில்

| | பயணக் கதைகள் | ஐஸ் சோதனைகள் | ஏற்காடு | திரை, நேர்காணல் |
|---|---|---|---|---|
| வெப்பம் பற்றிய புரிதல் | குறைவு | மிக நன்று | நடுத்தரம் | குறைவு |
| முடிவெடுத்தல் பற்றிய புரிதல் | மிக நன்று | குறைவு | நடுத்தரம் | நேர்காணலில் நன்று |
| எல்லோர்க்கும் பங்கு | குழு விவாதம் இருந்தால் | ஆம் | ஆம், உடைக் கவனத்தோடு | குறைவு |
| முதன்மை அபாயம் | மனத்துயர் | உப்பு, நெடுநேரம் கை வைத்தல் | மலைப்பாதை, ஈரம் | தவறான பதிவுகள் |
| மறைந்த செலவு | ஆசிரியரின் தயாரிப்பு | தெர்மாமீட்டர், உருகும் ஐஸ் | அனுமதி, விடியற்கால ஏற்பாடு | காத்திருப்பு |
| ஏற்ற வகுப்பு | ஷாக்கிள்டன் 6, 7. ஸ்காட் 8 முதல் | 5 முதல் | 8, 9 | எல்லாம் |

எந்தப் பள்ளிக்கு எது

ஒன்றை மட்டுமே செய்யமுடியும் என்ற நிலையிலுள்ள சேலம் நகரப் பள்ளிக்கு நான் ஐஸ் சோதனையைத்தான் சொல்வேன். கதையைப் பிள்ளை பின்னாளில் தானே படித்துக்கொள்ளும். டால்டா கையுறையைத் தானே செய்து பார்க்கும் வாய்ப்பு பலருக்கு வாய்க்காது.

இரண்டு பாடவேளை கிடைத்தால் சோதனை முதலில், கதை பிறகு. இந்த வரிசையை மாற்றவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஈரத்துணி டம்ளரின் அளவுகளைத் தன் கையால் எழுதிய பிள்ளை, பனிவண்டியை ஆட்களே இழுத்துப்போன ஸ்காட் குழுவினர் உழைப்பில் வியர்த்து, அந்த ஈரம் உடையிலும் தூக்கப்பைகளிலும் உறைந்த இடம் வரும்போது, ஆசிரியர் விளக்குமுன் தானே நிமிர்ந்து பார்க்கும். கதையை முதலில் சொன்னால் சோதனை வெறும் விளையாட்டாகப் போய்விடுகிறது.

வகுப்பில் எழுபது பேர் இருந்து, ஆய்வக வசதியும் இல்லாத பள்ளியில் கதைதான் நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் இரண்டு ஐஸ் கட்டிகளையும் ஒரு ஸ்வெட்டரையும் மேசையில் வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கலாம். கதை முடியும்போது விடை கண்ணெதிரே இருக்கும்.

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் உள்ள பள்ளிகளுக்கு என் பரிந்துரை வேறு. அங்கே பிள்ளைகள் மூடுபனியில் நடந்து பள்ளிக்கு வருகிறார்கள். காபித் தோட்டத்துக்கு விடியலில் வேலைக்குப் போகும் பெற்றோர் எதைப் போர்த்துகிறார்கள், நனைந்தால் என்ன செய்கிறார்கள், வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது, மாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று பிள்ளைகளையே கேட்டு எழுதிவரச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கவேண்டும். இனுவிட் மக்களின் அறிவை மதித்துக் கற்றவர் வென்றார் என்ற செய்தி, தம் வீட்டாரின் அறிவைப் பலகையில் எழுதிப் பார்த்த பிள்ளைகளிடம் எளிதாகச் சேரும். அவர்களுக்குப் பயணம் தேவையென்றால் அது கீழ்நோக்கியது: மேலே உறைந்த தேங்காய் எண்ணெயோடு சேலத்துக்கு இறங்கி, எந்த வளைவில் அது இளகத் தொடங்குகிறது என்று குறிக்கலாம்.

ஸ்கர்வி நோயைச் சொல்லவேண்டிய எல்லா வகுப்புகளிலும், எந்த வழியை எடுத்தாலும், ஒரு பெரிய நெல்லிக்காயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிப் பழைய புண்களும் திறந்துகொண்ட மாலுமிகளைப் பற்றியும், புதிய சீல் இறைச்சி அதைத் தடுத்ததைப் பற்றியும் சொல்லும்போது, நமக்கு அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்று உடனே காட்டிவிடலாம்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஐஸ் சோதனையை ஏப்ரலுக்குத் தள்ளவேண்டாம்; காலையில் வாங்கிய கட்டி பதினோரு மணிக்குள் பாதியாகிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்றது. கட்டியை உமியிலோ மரத்தூளிலோ புதைத்து, மேலே ஈரமற்ற கோணிச்சாக்கைப் போர்த்தி, நிழலில் வையுங்கள். சாக்கைப் பிரிப்பதற்கு முன், கட்டி ஏன் இன்னும் உருகவில்லை என்று வகுப்பைக் கேளுங்கள்.